இஸ்டிஜிட்டா, ட்ரை–எக்ஸெப்டா: ஒரு பால் கணக்கு

அத்தை வீட்டில் இரண்டு மாடு. பால் கணக்கெல்லாம் காலண்டரில்தான். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க ஆரம்பித்த வேகத்தில், அதற்கு ஒரு நிரல் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். 'எத்தனை லிட்டர்?' என்று கேட்கும், எண்ணைத் தட்டினால் கூட்டிக்கொள்ளும். முதல் நாளே அத்தை 2-க்குப் பக்கத்தில் ஒரு 'எல்' சேர்த்துத் தட்டினார். வேல்யூஎரர் (மதிப்பு சரியில்லை என்னும் பிழை) என்று நாலைந்து வரி கொட்டிவிட்டு நிரல் நின்றது. "என்னடா, திட்டுது?" என்றார்.

தட்டியதைச் சோதிக்க இரண்டு வழி. ஒன்று, இஸ்டிஜிட்: எல்லாம் இலக்கம்தானா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் எண்ணாக மாற்றுவது. இன்னொன்று, ட்ரை–எக்ஸெப்ட்: நேராக மாற்றிப் பார்ப்பது, முடியாவிட்டால் பிழையைப் பிடித்து மறுபடி கேட்பது. இரண்டுமே நாலு வரிதான். படிக்க இஸ்டிஜிட் சுலபம், அதனால் அதில்தான் தொடங்கினேன்.

மாட்டிக்கொண்டது விதி மாறியபோது. எண்ணுக்கு முன்னால் ஒரு இடைவெளி விழுந்தாலே இஸ்டிஜிட் மறுத்தது, முன்பின் இடைவெளியை வெட்டும் ஸ்ட்ரிப் சேர்த்தேன். அடுத்த வாரம் ஒருவர் அரை லிட்டர் கேட்டார். 0.5-இல் புள்ளி இருக்கிறதே, அதுவும் செல்லாது. ஒரே ஒரு புள்ளியை நீக்கிவிட்டுச் சோதி என்று இன்னொரு ஒட்டு. புதிதாகச் சேர்க்கும் இடத்தில் மாற்றியவன், பழைய கணக்கைத் திருத்தும் இடத்தில் மறந்துவிட்டேன். போதாக்குறைக்கு, மேலே சின்னதாக எழுதும் வர்க்கக்குறி ² இருக்கிறதே, அதையும் இலக்கம் என்றே இஸ்டிஜிட் ஒப்புக்கொள்ளும், தட்டியதை முழு எண்ணாக மாற்றும் இன்ட் ஒப்புக்கொள்ளாது. அதாவது சோதனையில் தேறியும் நிரல் விழும். (தமிழ் எண் ௧௨ இரண்டிலும் தேறி 12 ஆகிவிடுகிறது. அது தனிச் சந்தோஷம்.)

ட்ரை–எக்ஸெப்டுக்கு மாற்றி, இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒரே ஃபங்ஷனாக்கிய பிறகு அரை லிட்டருக்கான வேலை, இன்ட் என்பதை, புள்ளி வைத்த எண்ணையும் ஏற்கும் ஃப்ளோட் ஆக்கியதோடு முடிந்தது. முன்பின் இடைவெளியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இதிலும் குழி உண்டு. எக்ஸெப்டுக்குப் பக்கத்தில் வேல்யூஎரர் என்று எழுதாமல் மொட்டையாக விட்டால், நிரலை நிறுத்தக் கன்ட்ரோல்–சி அடித்தாலும் அதையும் விழுங்கிவிட்டு மறுபடி லிட்டர் கேட்கும். அப்புறம், 'நான்' என்று ஆங்கில எழுத்தில் (என்–ஏ–என், 'எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) தட்டினால் ஃப்ளோட் அதையும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். '0-க்குக் கீழ் அல்லது 20-க்கு மேல் என்றால் மறு' என்று எழுதியிருந்தேன். இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்றே பதில் வந்து அது உள்ளே நுழைந்தது, மாத மொத்தமே 'நான்' ஆனது. '0-க்கு மேலும் 20-க்குள்ளும் இருந்தால் ஏற்றுக்கொள்' என்று திருப்பி எழுதினேன், நின்றது.

நான் சொல்வது ஒருவர் உட்கார்ந்து தட்டும் சின்ன நிரலை வைத்துத்தான். இணையப் படிவத்தில் எனக்குப் பழக்கமில்லை. ஃபோன் நம்பருக்கு மட்டும் ரெகெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைச் சோதிக்கும் வாய்ப்பாடு) வைத்திருக்கிறேன்: 10 இலக்கம், ஃபுல்மேட்ச், அதாவது தட்டியது முழுவதும் பொருந்த வேண்டும். அதைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, எண்ணாக மாற்றினால் முதலில் வரும் 0 தொலைந்துபோகும். 1, 2, 3 என்று மெனு கேட்கும் இடத்தில் எந்தச் சோதனையும் இல்லை. தட்டியதை எழுத்தாகவே வைத்து ஒப்பிடுகிறேன்.