யூனிவர்சலா, லெகோலேண்டா? முதலில் பிள்ளையின் உயரத்தை அளந்து பாருங்கள்

சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டதும் எழும் கேள்வி இது: செந்தோசாத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவா, எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் லெகோலேண்டா? விலையை ஒப்பிடும் முன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி ஒரு பென்சில் கோடு போடுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

யூனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 செ.மீ. உயரம் வேண்டும். ஜுராசிக் பார்க் படகுக்கு 107, மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, பேட்டில்ஸ்டார் ரோலர் கோஸ்டருக்கு 125. பொடிசுகளுக்கு ஏற்றது என்று நாம் நினைக்கும் கேனோபி ஃப்ளையருக்கே 92. இங்கே 4 வயதுக்குக் கீழே இலவசம், 4 முதல் 12 வரை சிறுவர் டிக்கெட். நாலு வயதுப் பிள்ளைகள் பலர் 100 செ.மீ.-ஐ ஒட்டித்தான் இருப்பார்கள். காசு கட்டும் வயது வந்துவிடும், ஏறும் உயரம் வந்திருக்காது. ஒவ்வொரு சவாரி வாசலிலும் அளக்கிறார்கள். உச்சிக்கொண்டை கணக்கில் வராது, கெஞ்சியும் பயனில்லை.

2012-ல் திறந்த லெகோலேண்ட் சிறு பிள்ளைகளை மனதில் வைத்தே கட்டப்பட்டது. கார் ஓட்டும் பள்ளியில் 3 முதல் 5 வயதுக்கு ஒரு தடம், 6 முதல் 13 வரைக்குத் தனித் தடம். தாஜ்மகாலும் பெட்ரோனாஸ் கோபுரமும் லெகோ கட்டைகளில் நிற்கும் மினிலேண்டில் உயரக் கட்டுப்பாடே இல்லை. ஆனால் பத்து வயதைத் தாண்டியவருக்கு மதியத்துக்குள் சலித்துவிடும்.

வெயிலும் மழையும் அடுத்த கணக்கு. இடி மின்னல் என்றால் இரண்டிலும் திறந்தவெளிச் சவாரிகள் நிற்கும். யூனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, செசமி ஸ்ட்ரீட் எல்லாம் கூரைக்குள் இருப்பதால் நாள் வீணாகாது. லெகோலேண்டில் நிழல் குறைவு. காலையில் சவாரி, வெயில் ஏறியதும் நீர்ப்பூங்கா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கான டிக்கெட்டையும் சேர்த்தே வாங்குங்கள். நீச்சலுடை, கைக்குழந்தைக்கு நீச்சல் டயப்பர் இரண்டும் கட்டாயம் பையில் இருக்கட்டும்.

பலரும் சறுக்குவது பயணத்தில்தான். யூனிவர்சலுக்கு ஹார்பர்ஃபிரண்ட் வரை எம்.ஆர்.டி. மெட்ரோ ரயில், அங்குள்ள விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், அவ்வளவே. லெகோலேண்டுக்கு இரண்டு குடிநுழைவுச் சாவடிகள். இரண்டிலும் பஸ்ஸை விட்டுப் பைகளோடு இறங்கி ஏற வேண்டும், தூங்கும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. வெள்ளி மாலையும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையும் ஆகவே ஆகாது. அங்கே ஜூன் விடுமுறை மே கடைசியிலேயே தொடங்கிவிடும். ஜொகூரில் வார விடுமுறையும் 2025 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. வெள்ளி அங்கே விடுமுறை நாள், பூங்காவில் கூட்டம் இருக்கும் என்று சொல்லும் பழைய யோசனைகளை நம்ப வேண்டாம். செவ்வாய், புதன் போன்ற நாள்கள் நல்லவை. பூங்கா அன்று திறந்திருக்கிறதா என்று அதன் நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெகோலேண்ட் போவதானால், திரும்பி வர சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். மலேசியாவுக்கு எம்.டி.ஏ.சி. என்ற இணைய வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை முதல் முறை நிரப்பியது போதாது, ஜொகூரிலிருந்து திரும்பும்போது மறுபடியும் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம், காசு கேட்கும் இணையதளம் போலி அல்லது தரகர்.

எல்லாப் பிள்ளைகளும் 100 செ.மீ.-க்குக் கீழே என்றால் லெகோலேண்ட், அதுவும் ஜொகூரில் ஓர் இரவு தங்கி. ஒரே நாளில் போய்வந்தால் பூங்காவில் கழிக்க வேண்டிய நேரத்தைச் சாவடியும் பஸ்ஸும் தின்றுவிடும். 107-ஐத் தாண்டியிருந்தால் தயங்காமல் யூனிவர்சல்; கதவு திறந்ததும் 2025-ல் வந்த மினியன் லேண்டுக்கு நடையைக் கட்டுங்கள். மூத்தது எட்டு, இளையது மூன்று என்றாலும் யூனிவர்சலே: இளையதுக்கு டிக்கெட் இல்லை. பெரிய சவாரிகளின் வாசலில் 'சைல்டு ஸ்வாப்' என்று கேளுங்கள். அம்மா ஏறி இறங்கும்வரை அப்பா இளையதோடு காத்திருந்து, மறுபடி வரிசை பிடிக்காமல் அடுத்து ஏறலாம்.