வெனிஸில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒரு மீனுக்கு 153 யூரோ கொடுத்தேன். நம் பணத்தில் ஏறக்குறைய 14,000 ரூபாய். எப்படி ஏமாந்தேன் என்பதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

2024 செப்டம்பரில் நானும் மனைவியும் வெனிஸில் மூன்று நாள் தங்கினோம். சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், படிக்கட்டின் கீழேயே கிராண்ட் கால்வாய். நம் ஊரில் ஆட்டோ நிற்கும் இடத்தில் அங்கே படகு நிற்கிறது. காரும் ஸ்கூட்டரும் இல்லாத ஊரில் காது எவ்வளவு லேசாகிவிடுகிறது! தண்ணீரின் சளசளப்பு, பெட்டிச் சக்கரங்கள் கல்லில் கடகடக்கும் சத்தம், அவ்வளவுதான். அந்த மயக்கத்தில் நிற்பவனைத்தான் குறி வைக்கிறார்கள்.

நிலையத்தை அடுத்த பாலத்துப் படியில் ஒருவர் கேட்காமலே எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அக்கரையில் இறக்கிவைத்து 20 யூரோ கேட்டார். 10 கொடுத்து அனுப்பினேன். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கொண்டோலாப் படகுக்காரர்களைப் பற்றி என்னை நிறையப் பயமுறுத்தியிருந்தார்கள். ஆனால் அதற்கு நகராட்சியே விலை வைத்திருக்கிறது: பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு ஏழு மணிக்கு மேல் 110. இது படகுக்கான கட்டணம், தலைக்கு இல்லை. ஐந்து பேர் வரை ஏறலாம். எங்கள் இருவருக்கு அது கட்டுப்படியாகவில்லை. அதே போன்ற படகில் ஆளுக்கு 2 யூரோ கொடுத்து, கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நின்றபடியே போனோம். 'திரகெத்தோ' என்பார்கள். படகு ஆசை அதிலேயே தீர்ந்துவிட்டது. 86 யூரோ மிச்சம் பிடித்த பெருமையில் இருந்தேன். அந்தப் பெருமை அன்று இரவு வரைதான்.

ரியால்ட்டோ பாலத்துக்கும் சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் இடையில் ஒரு சந்து. ஓர் உணவகத்தின் வாசலில் மெனு அட்டையோடு நின்றவர் எங்களைப் பார்த்ததும் "நமஸ்தே" என்றார். வாசலில் நின்று கூப்பிடும் கடைக்குள் போகாதீர்கள் என்று மகள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். மழை தூறியது. போனோம்.

பரிசாரகர் ஒரு தட்டில் பனிக்கட்டி பரப்பி, கொடுவா போலிருந்த ஒரு முழு மீனைக் கொண்டுவந்து காட்டினார். பிரான்சினோ என்றார். மெனுவில் அதற்கு நேரே 9 என்று இருந்தது. பக்கத்தில் எறும்பு எழுத்தில் 'எத்தோ' என்றொரு சொல். ஏதோ சமையல் முறையின் பெயராக இருக்கும் என்று நினைத்தேன்.

ஊரில் மீன் வாங்கும்போது தராசிலிருந்து கண்ணை எடுக்காதவள் என் மனைவி. "இவ்வளவு பெரிய மீன் ஒன்பது யூரோவா? எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்" என்றாள்.

"இதென்ன மீன் மார்க்கெட்டா? பேசாமல் இரு" என்றேன்.

எத்தோ என்றால் இத்தாலியில் நூறு கிராம். பில்லில் மீனின் எடை 1.7 கிலோ என்று இருந்தது; ஆக, மீனுக்கு மட்டும் 153 யூரோ. தட்டில் வந்ததோ தலையும் முள்ளும் நீக்கிய இரண்டு துண்டுகள், அவை 1.7 கிலோ மீனின் துண்டுகள் என்று யார் வந்து சத்தியம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன். அதற்கு மேல் 'கொபெர்த்தோ', அதாவது மேசையில் உட்கார்ந்ததற்கு, ஆளுக்கு 4 யூரோ. தண்ணீருக்கு 6. சேவைக்கட்டணம் 12 சதவீதம். மொத்தம் 187 யூரோ. கேள்வி கேட்டதற்கு, பரிசாரகர் அந்த எறும்பு எழுத்தின் மீது விரலை வைத்துக் காட்டினார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நூறு கிராம் கணக்கில் விலை போடுவது அங்கே சட்டப்படியானது, பல நல்ல கடைகளும் அப்படித்தான் போடுகின்றன. எடையைக் காட்டாமல் சமைப்பதில்தான் சூது. பச்சை மீனை உங்கள் கண் முன்னே எடை போட்டு, மொத்த விலையைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்துவிடுங்கள். விலைக்குப் பதில் 'எஸ். க்யூ.' என்று மட்டும் இருந்தால் அளவைப் பொறுத்து விலை என்று பொருள். அங்கும் முதலில் கேளுங்கள். எனக்குத் தந்தது கையால் கிறுக்கிய துண்டுச் சீட்டு. அச்சடித்த ரசீது தருவது அங்கே கட்டாயம் என்பதும், தராவிட்டால் நிதிக் காவல் துறையை 117 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதும் ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

2018 தொடக்கத்தில் ஜப்பானிய மாணவர்கள் நால்வருக்கு இதே ஊரில் ஓர் உணவகம் 1,100 யூரோவுக்கு மேல் பில் போட்டது. செய்தி உலகமெங்கும் பரவியது. அதை நானும் படித்துச் சிரித்தவன்தான்.

மறுநாள் முதல் ரியால்ட்டோ பக்கத்துச் சிறு மதுக்கடைகளில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். ரொட்டித் துண்டின் மேல் வெண்ணெய் போல் மசித்த கருவாடு. கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டோடு இருக்கும். அந்தப் பயணத்திலேயே நல்ல சாப்பாடு அதுதான்.

கிளம்பும் நாளில் சாந்தா மார்கரித்தா சதுக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டைப் பார்த்தோம். எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பிரான்சினோவும் அதில் உண்டு. மனைவி அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டு, "இந்த ஊரில் மீனை அளக்கும் வழக்கம் உண்டாம்" என்று எழுதினாள். நான் இன்னும் பதில் போடவில்லை.