2,850 ரேண்டை விழுங்கிய சாண்டர்

டர்பனில் பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்களே, மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மின்கருவியான ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் படியுங்கள். அப்படி ஒன்றுக்கு நான் கொடுத்த 2,850 ரேண்ட் திரும்பி வராது என்று நேற்று கடையில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை.

தைப்பூசத்துக்குள் அம்மாவுக்கு ஒரு சாமி மாடம் செய்து தர நினைத்தேன். நல்ல கியாட் பலகை, தமிழ்நாட்டு வேங்கைக்கு உறவுமரம். உப்புத்தாளைக் கையால் தேய்த்து மாளாது என்பதால் 125 மில்லிமீட்டர் தட்டுள்ள சாண்டர் தேடினேன். தட்டு சுழலும்போதே ஓரிரு மில்லிமீட்டர் விலகி ஆடும். அதனால் ஒரே தடத்தில் கீறல் விழாது. அதற்காகத்தான் இந்தக் கருவியை வாங்குகிறோம்.

போனது இறக்குமதிக் கருவிகளைத் தள்ளுபடியில் விற்கும் ஒரு கடை. கல்லாவுக்கு மேலே முருகன் படம், பெரியவர் நெற்றி நிறைய விபூதி. "எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள், தம்பி?" என்று விசாரித்தார். தாத்தா எந்தக் கரும்புத் தோட்டத்தில் இருந்தார் என்று கேட்டார். சாமி மாடத்துக்கு என்றதும் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்! "இது புதுச் சரக்கு. தட்டுக்குப் பிரேக் இருக்கிறது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஓராண்டு உத்தரவாதம். நம் பிள்ளைக்குக் கெட்டதைக் கொடுப்பேனா?" ஓட்டிக் காட்டச் சொன்னேன். கரண்ட் இல்லை என்றார். அப்படிப் பேசும் மனிதரை எப்படிச் சந்தேகிப்பது? 2,850 ரேண்டை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் சொருகியதும் அலறியது. வேகத் திருகை எங்கே வைத்தாலும் ஒரே வேகம். பலகையில் வைத்ததும் சுழிசுழியாகக் கீறல். சிறிது நேரத்தில் உள்ளே நெருப்புப் பொறி, கருகிய நாற்றம், அவ்வளவுதான். கியாட் பலகையும் பாழ்.

மறுநாள் போனால் அதே பெரியவர் என்னைத் தெரியாததுபோல் பார்த்தார். "அழுத்தித் தேய்த்திருப்பீர்கள்" என்றார். பிறகு லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) முடிந்து கரண்ட் வந்த அதிர்ச்சி என்றார். பிறகு ஜொகனஸ்பர்க் ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அவர் மகனிடம் பேசச் சொன்னார்; மகன் நான் அனுப்பிய செய்தியைப் படித்தார், பதில் இல்லை. கடைசியில் ரசீதின் அடியில் இருந்த வரியை விரலால் காட்டினார்கள்: பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. தம்பியும் இல்லை, கோயிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து கருவியைப் புரட்டிப் பார்த்தேன். விலை ஸ்டிக்கரை உரித்தால் அடியில் தகவல் தகடு: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க மின்சாரத்துக்கான பொருளில் நம் மூன்று முள் பிளக்கை மாட்டி விற்றிருக்கிறார்கள். எரியாமல் என்ன செய்யும்? அதன்மேல் ஸ்டிக்கரை ஒட்டிய கை தெரிந்துதான் ஒட்டியது.

சாண்டர் தேர்ந்தெடுப்பதைப் பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. வோல்ட் தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கரண்ட் இல்லை என்றால் கரண்ட் வந்ததும் வாருங்கள். அந்தரத்தில் பிடித்தால் தட்டு வெறிகொண்டு சுழலக் கூடாது; அதைத் தடுக்கத்தான் பிரேக். தூசிப் பை இல்லாததை வாங்காதீர்கள், கியாட் தூசி மூக்கையும் நுரையீரலையும் படுத்தும்.

ரசீதில் என்ன அச்சடித்திருந்தாலும், தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், கடைக்காரர் அல்ல. என் 2,850 ரேண்டுக்காகப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி ஒரு கடையில் ஏற்கெனவே வாங்கியிருந்தால், தயவுசெய்து ஸ்டிக்கரை உரித்துப் பார்த்த பிறகு பிளக்கைச் சொருகுங்கள்.