ஸ்பீக்கர் நல்லது, மாட்டியதுதான் கோணல்

இரண்டு மாதம் முன்பு எங்கள் கோலாலம்பூர் செந்தூல் வீட்டு ஹாலுக்கு 5.1 ஹோம் தியேட்டர் செட் வாங்கினேன். சத்தத்தைப் பிரித்துத் தரும் ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தமான பேஸுக்கென்று சப்வூஃபர் எல்லாம் ஒரே கடை, மாட்டக் கூலி தனியாக 350 வெள்ளி. கடைப் பெயர் வேண்டாம். சாமானில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாட்ட வந்தவர்கள் இரண்டு தம்பிகள். வேலை சுத்தம்தான், ஒயர் வெளியே தெரியாமல் மறைத்து, விழுந்த சுண்ணாம்பைக்கூட கூட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் டிவி மாட்டுகிற மாதிரி கூரை மூலையில் அடித்துவிட்டார்கள். "எல்லாரும் அங்கதான் அண்ணே மாட்டுவாங்க" என்றதும் நானும் தலையாட்டினேன், அது என் தப்பு. ராத்திரி படம் போட்டால் மழை எங்கோ உத்தரத்தில் பெய்கிறது, வசனம் பிடிபடவில்லை, சப்வூஃபர் மட்டும் மூலையில் உறுமுகிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மறுநாள் "வீட்டுல ரெனோவேஷனா?" என்று கேட்டார்.

இரண்டு முறை போன் போட்ட பிறகு கடையில் மூத்த சீன அங்கிள் ஒருவரை அனுப்பினார்கள். மனிதர் முதலில் ரிசீவர் செட்டிங்கைத் தொடவே இல்லை. ஸ்பீக்கர் முன்துணியைக் கழற்றி, ரிசீவர் பக்கம் ஒயரைப் பிடுங்கி, டிவி ரிமோட்டிலிருந்து எடுத்த சின்ன பேட்டரியை அந்த முனைகளில் ஒரு நொடி தொட்டார். இடது ஸ்பீக்கரின் கூம்பு டப்பென்று வெளியே வந்தது, வலது உள்ளே போனது. பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது! ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் பேஸ் எங்கிருந்து வரும், நடுவில் நிற்க வேண்டிய பாட்டும் கரைந்துதான் போகும்.

அப்புறம் டிவி செட்டிங். சத்தம் பிசிஎம் என்ற முறையில் போய்க்கொண்டிருந்தது, அதாவது டிவி சத்தத்தைக் கொண்டுபோகும் ஏஆர்சி ஒயர் வழியாக ரிசீவருக்கு வெறும் ஸ்டீரியோதான் வந்திருக்கிறது. அதை 5.1 சத்தம் அப்படியே போகிற பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றினார். பின்பக்க ஸ்பீக்கர்களைக் கூரையிலிருந்து இறக்கி, சோபாவுக்கு இரு பக்கமும் கொஞ்சம் பின்தள்ளி, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் டிவியிலிருந்து ஏறக்குறைய 110 டிகிரியில், காதுக்குச் சற்று மேலே மாட்டினார். ஸ்பீக்கர் சத்தத்தை ரிசீவர் அளந்து சரிசெய்ய ஒரு மைக் உண்டு, தம்பிகள் சோபா மெத்தையில் போட்டு அளந்த அதை இவர் கேமரா ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்தி, விசிறியையும் அணைத்து, எங்களையும் வாயை மூடச் சொல்லி அளந்தார். ரிசீவர் முன் ஸ்பீக்கர்களைப் 'பெரியது', பேஸையும் தாங்கும் என்று எடுத்துக்கொண்டதை மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸையெல்லாம் சப்வூஃபருக்குத் திருப்பினார்.

கடைசியாகச் செய்ததுதான் கூத்து. சப்வூஃபரைத் தூக்கி நான் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, என்னைச் சுவரோரமாகத் தவழச் சொன்னார். எந்த இடத்தில் பேஸ் உறுமாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே வைக்கலாமாம். ஐம்பதை நெருங்குகிற வயதில் நான் டைல்ஸ் தரையில் தவழ, வீட்டுக்காரி போனில் வீடியோ எடுத்தாள். செருப்பு அலமாரிப் பக்கம் சரியாக வந்தது, இப்போது அங்கேதான் இருக்கிறது. வசனம் டிவியிலிருந்தே வருகிறது, ஆன்ட்டியும் ஒன்றும் கேட்பதில்லை.

அந்தக் கடையில் சாமான் தாராளமாக வாங்கலாம், ஆனால் மாட்ட அங்கிள் வருவாரா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். இன்னொன்று, ஒயரை அவர்களிடம் வாங்காதீர்கள், புடு ஜாலான் பசாரில் எலக்ட்ரானிக் கடைகள் இருக்கின்றன, விசாரித்துப் பாருங்கள். கூரை மூலையில் பழைய எட்டு ஓட்டையும் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் வந்து அடைக்கிறோம் என்றார்கள், மூன்று வாரம் ஆச்சு.