கூப்பனா, புள்ளிப் பட்டியலா?

திருமலையில், அதாவது திருகோணமலையில், எழுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது அரசாங்க உதவி பற்றிக் கதை கொடுத்தால், பேச்சு கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசியில் போய் நிற்கும். முப்பது வயதுக்காரரிடம் கேட்டால், புள்ளி போட்டு வறிய குடும்பங்களுக்கு மட்டும் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையில் நாடு தன் கொள்கையையே மாற்றிக்கொண்டது. இந்த வீட்டில் எத்தனை தலை என்று கேட்டது கூப்பன். இந்த வீட்டில் எவ்வளவு இல்லாமை என்று கேட்கிறது அஸ்வெசும.

இடதுசாரி கொடுப்பான், வலதுசாரி பிடுங்குவான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகலாம். இலங்கையில் அந்தக் கணக்குச் சரிவராது.

அரிசிப் பங்கீட்டைத் தொடங்கியது எந்தக் கொள்கையும் இல்லை, யுத்தம்தான். 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே ஏப்ரலில்தான் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. யுத்தம் முடிந்த பிறகும் கூப்பன் நிற்கவில்லை. 1931இலேயே எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டதால் சனத்தின் வயிற்றைப் பகைக்க எவருக்கும் துணிவில்லை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரவின் இலவசக் கல்வி வந்தது. அதை அடுத்த சில வருடங்களில் அரச வைத்தியசாலைகளில் கட்டணமும் போனது. இவற்றைக் கொண்டுவந்த பெரும்பாலானோர் சோசலிஸ்டுகள் அல்லர், காணியும் காசும் உள்ள கனவான்கள்.

துணிந்து கைவைத்துப் பார்த்தது ஐக்கிய தேசியக் கட்சி. 1953 ஜூலையில் டட்லி சேனாநாயக்கவின் அரசு ஒரு கொத்து பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன. ஓகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடவேண்டி வந்தது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார்.

அந்த ஹர்த்தாலை முன்னின்று நடத்திய லங்கா சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா 1970இல் நிதியமைச்சரானார். சிறிமாவோவின் கூட்டணி, டட்லி குறைத்த இரண்டாவது கொத்தைத் திரும்பத் தருவோம் என்று சொல்லித்தான் அந்தத் தேர்தலை வென்றது. 1973இல் உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறியதும் அதே அரசு பங்கீட்டைக் குறைத்தது. பாண் கியூவில் நின்ற ஆட்களிடம் அது எந்தச் சாரி அரசு என்று கேட்டுப் பாருங்கள், நல்ல பதில் கிடைக்கும்.

உண்மையான முறிவு 1977க்குப் பிறகு வந்தது. ஜே.ஆர். திறந்த பொருளாதாரத்தோடு வந்தார். 1978 ஜனவரியில் மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் கூப்பன் என்றானது. 1979இல் அதுவும் போய் உணவு முத்திரை வந்தது. 1953இல் விலையை ஏற்றி வாங்கிக் கட்டியவர், இம்முறை விலையைத் தொடவில்லை. ஆட்களைப் பிரித்தார். பாதிச் சனத்துக்கு முத்திரை, மீதிப் பாதிக்கு ஒன்றுமில்லை. ஹர்த்தால் வரவில்லை.

முத்திரையின் பெயர் அப்படியே இருக்க, அதற்குள் இருந்த பெறுமதி கரைந்தது. அதில் அச்சடித்தது ரூபாய்க் கணக்கு, அரிசிக் கணக்கு இல்லை. விலைவாசி ஏற ஏற, சில வருடங்களில் அதன் வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே போனது. எவரும் எதையும் வெட்டியதாக அறிவிக்கவில்லை. கிளாக்கரும் வாத்தியாரும் இன்னமும் அதே கூப்பனை வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? சத்தம் போடத் தெரிந்த ஆட்களை வெளியே எடுத்துவிட்டு, மிஞ்சியவர்களின் பங்கை மெல்லத் தேயவிடுவது சுலபம். இலக்கு வைத்துக் கொடுக்கும் முறையில் எனக்குள்ள முதல் சந்தேகம் இதுதான்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். எல்லோருக்கும் கொடுத்தால் கடைக்காரனுக்கும் போகிறது, டொக்டருக்கும் போகிறது. அந்தக் காசை இல்லாதவனுக்கே கூட்டிக் கொடுக்கலாமே என்பது அரைவேக்காட்டு வாதம் இல்லை. 1989இல் பிரேமதாச கொண்டுவந்த ஜனசவிய அந்த வழியில்தான் போனது. மாதம் 2,500 ரூபாய், 24 மாதம், அதில் ஒரு பகுதி சேமிப்பாக. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. கொடுத்தது திறந்த பொருளாதாரத்தின் அதே கட்சி. 1995இல் சந்திரிகாவின் சமுர்த்தி வந்தது. அதில் யார் பெயர் இருக்கவேண்டும் என்பதில் கட்சிக்காரரின் கை இருந்தது என்பது ஊரறிந்த கதை.

அந்தக் கையை எடுக்கத்தான் அஸ்வெசும வந்தது என்றார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு, ஜூலையில் திட்டம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகள். வீடு வீடாகப் போய் நிரப்பி, புள்ளி போட்டு, குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 8,500. 2025 ஜனவரியில் இவை 17,500, 10,000 என்று கூட்டப்பட்டன. கூட்டியது தேசிய மக்கள் சக்தி அரசு. மார்க்சிய வேரிலிருந்து வந்த ஜே.வி.பி.தான் அதன் முதுகெலும்பு. ஆனாலும் புள்ளி முறையை அது தூக்கி எறியவில்லை, தொகையைத்தான் கூட்டியது. கொள்கை எங்கே வளைகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தைப் பார்க்கலாம்.

2006இல் யுத்தத்தால் சம்பூரை விட்டு ஓடி, காணி விடுபட்டபின் திரும்பிப் போன ஒரு அக்காவை எனக்குத் தெரியும். தகரக் கொட்டிலில் கொஞ்சக் காலம், பிறகு வீட்டுத் திட்டத்தில் ஒரு கல்வீடு. படிவத்தோடு வந்த பிள்ளை சுவர் என்ன, கூரை என்ன, தரை என்ன, மலசலகூடம் உண்டா, தண்ணீர் எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டு போனது. சுவர் கல், கூரை ஓடு, தரை சீமெந்து. பட்டியல் வந்தபோது அக்காவின் பெயர் அதில் இல்லை. “கொட்டில்ல இருக்கேக்க வந்து எண்ணியிருந்தா நான் ஏழை, தம்பி. வீடு கட்டித் தந்துபோட்டு வந்து எண்ணினா நான் எப்பிடி ஏழையாவன்?” என்றா. வீடுதான் காரணம் என்று அவவுக்கு ஒருவரும் எழுத்தில் கொடுக்கவில்லை, அது அவவின் ஊகம். விசாரிக்கப் போன இடத்தில் “கொம்பியூட்டர் போட்டது” என்று மட்டும் சொன்னார்களாம். சமுர்த்திக் காலத்தில் திட்டுவதற்கு ஒரு ஆளாவது இருந்தான்.

மேன்முறையீடு செய்யலாம்தான். பட்டியல் வெளிவந்த 2023இல் நாடு முழுக்க இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கும், கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு வரக்கூடியவருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. ஈச்சிலம்பற்றில் இருந்து அலைகிறவருக்கு அது பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும்.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் இதே போட்டி வேறு மாதிரி முடிந்திருக்கிறது. 1997இல் இந்திய மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை. ரேஷன் அரிசி எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும் ஆயிரம் விசயத்தில் அடிபட்டாலும் கடைசியில் இதைக் கைவிடவில்லை. வேண்டாதவர் தானாக வாங்காமல் விடட்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தொடங்கியபோது அவர்களும் வடிகட்டினார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு மேல், வருட மின்சாரம் 3,600 யூனிட்டுக்கு மேல், வீட்டில் கார் என்றால் இல்லை. வேடிக்கை என்னவென்றால் இரண்டு கரையிலும் ஒரே வருடத்தில் கரண்ட் பில்லைப் பார்த்தார்கள். ஆனால் அங்கே வசதியானவரைக் கழித்தார்கள். மிஞ்சியவர் எல்லாம் உள்ளே. இங்கே ஏழையைத் தேடிச் சேர்த்தார்கள், மிஞ்சியவர் எல்லாம் வெளியே. கார் வைத்திருப்பவரைக் கண்டுபிடிப்பது லேசு. எந்த வீட்டில் இராச் சோறு இல்லை என்று கண்டுபிடிப்பது லேசு இல்லை. பிழை விட்டாலும், வசதியானவரைக் கழிக்கும் முறையில் பிழை ஏழையின் தலையில் விழுவது குறைவு.

உழைப்பவர் தாமே கட்டிச் சேர்த்து எடுக்கும் காப்புறுதி என்ற மூன்றாவது வழியும் உண்டு. ஜேர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொடங்கியது, சோசலிஸ்டுகளிடமிருந்து தொழிலாளரைப் பிரித்தெடுக்கும் நோக்கத்தோடு. நமக்கு அது 1958இல் வந்த ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12. பதிவுள்ள நிறுவனத்தில் மாதச் சம்பளம் உள்ளவருக்கு நல்லது. திருக்கடலூரில் கரைவலை இழுப்பவருக்கு யார் 12 வீதம் கட்டுவது? அப்படிச் சேர்த்தவர்களின் நிதியும் 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் மாட்டியது. வங்கிகள் தப்பின.

நலன்புரி என்று பேசும்போது கொழும்பில் காணியைச் சேர்ப்பதில்லை. திருமலையில் சேர்க்காமல் முடியாது. டி.எஸ். சேனாநாயக்க வகையினர் உள்ளத்தால் வலதுசாரிகள், ஆனால் நிலமற்ற விவசாயிக்கு நீரும் நிலமும் கொடுப்பதில் அள்ளி இறைத்தார்கள். கந்தளாயும் அல்லையும் அந்தக் குடியேற்றத் திட்டங்கள். பெற்றவருக்கு அது வாழ்வு, மறுக்கமுடியாது. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதைத் தேசியவாதம் தீர்மானித்தது. மாவட்டத்தின் சனத்தொகையே மாறியது. 1981 கணக்கெடுப்பில் சிங்களவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரே திட்டம் ஒருவருக்கு நலன்புரி, பக்கத்து ஊர்க்காரருக்குக் கையைவிட்டுப் போன நிலம். வடிகட்டி என்றால் வருமானம் மட்டும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் வடிகட்டி எப்போதும் நமக்கு எதிராகவே வேலை செய்தது என்றும் சொல்ல ஏலாது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளியை மொழிவாரியாகச் சரிக்கட்டிய தரப்படுத்தலை யாழ்ப்பாணம் இன்னும் மன்னிக்கவில்லை, அதற்கு நியாயமும் இருக்கிறது. பிறகு வந்த மாவட்டக் கோட்டாவில் கதை வேறு. இன்று பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 மாவட்டத்துக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து மருத்துவபீடம் போன பிள்ளைகளின் பெற்றோரிடம் கோட்டாவைத் திட்டிப் பாருங்கள்.

பெரியாஸ்பத்திரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1940களில் இந்த நாட்டில் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேல் தாய்மார் இறந்தார்கள், இன்று நாற்பதுக்கும் கீழ். எவரிடமும் அட்டை கேட்காத முறையால் வந்தது அது. 2022இல் மருந்து முடிந்தபோது நாடே கத்தியது. காரணம், கிராம சேவகரின் அம்மாவும் மீன்காரியும் நின்றது ஒரே கிளினிக் வரிசையில்.

காசு எங்கே என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 2019 கடைசியில் கோட்டாபய அரசு பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டியது, வருமானவரியையும் குறைத்தது. வரி வருமானம் சரிந்தது, கஜானா காய்ந்தது. 2024 ஜனவரியில் அந்த வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்கும் சம்பூர் அக்காவும் அதைக் கட்டுகிறா. வரி வாங்கும்போது எவரும் அவவின் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுக்க இந்த நாட்டிடம் இப்போது வக்கில்லை, சரி. ஆனால் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால், எழுபது தாண்டிய எல்லோருக்கும், அரச பென்சன் எடுப்பவரைக் கழித்துவிட்டு, முதியோர் கொடுப்பனவைக் கொடுப்பதில் தொடங்குவேன். பென்சன்காரரின் பட்டியல் அரசாங்கத்திடமே இருக்கிறது. வயதைக் காட்ட அடையாள அட்டை போதும், தரையைப் பார்க்கத் தேவையில்லை.