கான்கிரீட்டில் ஃபைபர்: சில வருடம் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது

பல்லடம், உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் தரைக் கான்கிரீட் போட்டவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, கான்கிரீட்டின் மேல் ஊறும் தண்ணீரை நிற்கவே விடாது. உள்ளே ஈரம் இருக்க, மேல்பரப்பு மட்டும் காய்ந்து சுருங்கும். மட்டம் இழுத்து முடித்த சில மணி நேரத்திலேயே கோடு கோடாக வெடிக்கும். இதற்காகத்தான் பாலிப்ரொப்பிலீன் ஃபைபர், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் இழை, கலவையில் போட ஆரம்பித்தேன். குடோன் தரை, களம், மொட்டைமாடி, பூச்சு வேலை என்று சில வருடங்களாக விடாமல் போட்டு வருகிறேன்.

கான்கிரீட்டுக்கு 12 மி.மீ. நீளம், பூச்சுக்கு 6 மி.மீ. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 125 கிராம் பாக்கெட் ஒன்று. ஒரு கன மீட்டருக்கு 7 மூட்டை சிமெண்ட் என்றால் 900 கிராம் பக்கம் வந்துவிடும். ஆகிற செலவு, சிமெண்ட் விலையில் ஒரு சிறு பங்குதான்.

பாக்கெட்டை அப்படியே மிக்சரில் கொட்டினால் பந்து பந்தாகச் சேர்ந்துகொள்ளும். உதிர்த்துத் தூவி, ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகச் சுற்ற விட வேண்டும். அப்புறம் கலவை கொஞ்சம் இறுகினாற்போலத் தெரியும். உடனே மேஸ்திரி, "ஏனுங்க, இன்னும் ஒரு கொடம் தண்ணி விட்றலாமுங்களா?" என்பார். விடவே கூடாது. இளக்கம் வேண்டுமென்றால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம். தண்ணீரைக் கூட்டினால் பலமும் குறையும், சுருக்கமும் கூடும்.

பலன் கண்கூடு. ஆடியில் போட்ட தரைகளிலும் முதல் நாள் வெடிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஒரு தரையில் குழாய் பதிக்க ஓரத்தை உடைத்தபோது, சில்லுகள் தெறித்து விழாமல் வெள்ளை இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. மேற்பரப்பில் சில இழைகள் முடி போல நீட்டிக்கொண்டு நிற்கும். நடமாட்டத்தில் தேய்ந்து போய்விடும், ஆனால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

"ஃபைபர் போட்டால் கம்பியைக் குறைக்கலாம்" என்று கடையில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த மெல்லிய இழை, கான்கிரீட் பச்சையாக இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு. சுமை தாங்குவது கம்பிதான். மாதக்கணக்கில் காய்ந்து சுருங்கும்போது வரும் வெடிப்புக்கு ஜாயிண்ட் (வெடிப்பு அந்தக் கோட்டிலேயே விழும்படி தரையில் அறுக்கும் காடி) வெட்டியே ஆக வேண்டும்: 150 மி.மீ. தரை என்றால் 4.5 மீட்டருக்குள் ஒன்று, தடிமனில் கால் பங்கு ஆழம். ஒரு குடோன்காரர் தரை அழகு கெடும் என்று வெட்டவே விடவில்லை. ஃபைபர் இருந்தும் தரை குறுக்கே பிளந்தது. கோணிச்சாக்கு போட்டுக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விடுவதிலும் சலுகை கிடையாது.

வாங்கும்போது பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். பாலியஸ்டர் இழையும் இதே தோற்றத்தில் வருகிறது. சிமெண்டின் காரத்தில் அது நாளடைவில் சிதையக்கூடியது, பாலிப்ரொப்பிலீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. லாரி ஏறும் தரைக்கு வெல்டு மெஷ் என்னும் கம்பி வலைக்குப் பதில் போடும் மேக்ரோ ஃபைபர் (தடித்த இழை) வேறு ரகம். 40 முதல் 60 மி.மீ. வரை நீளம், கன மீட்டருக்குச் சில கிலோ பிடிக்கும். அதன் அளவை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டும், பாக்கெட் கணக்கு அங்கே செல்லாது.