அத்தைக்குப் பசும்பாலா, சோயா பாலா?

பால் குடித்தால் அத்தைக்கு வயிறு உப்பிக்கொள்ளும். டீயில் ஊற்றுகிற பாலோடு சரி. ஆனால் 51 வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது சிங்கப்பூர்க் கணக்கு. அத்தைக்கு 67.

பசும்பாலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 250 மில்லி குடித்தால் ஏறக்குறைய 300 மில்லிகிராம் கால்சியம். உடம்புக்கு ஒத்துக்கொண்டால் வேறெதையும் தேட வேண்டாம். அத்தை மாதிரி வயிறு உப்புகிறவர்களுக்கென்று லாக்டோஸ் (பாலில் இருக்கும் சர்க்கரை) நீக்கிய பால் கிடைக்கிறது, அதிலும் அதே அளவுதான். ஆனால் அதில் லாக்டோஸ் ஏற்கெனவே குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைந்திருப்பதால் நாக்குக்கு இனிக்கும். "பாயசம் மாதிரி இருக்கு" என்று அத்தை ஒதுக்கிவிட்டார்.

கடைசியில் சோயா பாலுக்கு வந்தோம். சோயாவில் இயல்பாக இருக்கும் கால்சியம் கொஞ்சம்தான். காப்பிக்கடையில் அன்றாடம் காய்ச்சும் சோயா பாலைக் குடித்துவிட்டு எலும்புக்கு நல்லது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பேரங்காடியில் கால்சியம் சேர்த்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருந்தால் பசும்பாலுக்குச் சமம். சர்க்கரை சேர்க்காததை எடுங்கள்.

ஆனால் குலுக்க வேண்டும். எங்களுக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. சேர்ப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் அல்லது டிரைகால்சியம் பாஸ்பேட். இரண்டும் பாலில் கரையாது. நுண்ணிய தூளாக மிதந்து, மெல்ல அடியில் படியும். ஒரு நாள் காலிப் பெட்டியை வெட்டிக் கழுவினேன். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வண்டல்! காசு கொடுத்து வாங்கிய கால்சியத்தில் பாதியாவது தொட்டியில் போயிருக்கும். திறக்கும்போது ஒருமுறை குலுக்கினால் போதாது, ஊற்றும் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் கால்சியம் சேர்த்த ரொட்டி ஜெயிக்கிறது. மாவோடு கலந்து வெந்துவிட்டால் கால்சியம் எங்கே படியும்? பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே வெள்ளை மாவில் கால்சியம் சேர்க்கிறார்கள். நாங்கள் கால்சியம் சேர்த்த ரொட்டியை இரண்டு வாரம்தான் வாங்கிப் பார்த்தோம், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். இரண்டு துண்டுக்கு மேல் அத்தைக்கு இறங்காது என்பது மட்டும் தெரிந்தது. (தேக்கா சந்தையில் வாங்கும் கேழ்வரகு மாவு தனிக் கட்சி, அதற்கு யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.)

ஒரு லிட்டர் பெட்டி மலிவுதான். ஆனாலும் இப்போது 250 மில்லி சின்னப் பெட்டிகளாகவே வாங்குகிறோம். குலுக்கி, ஸ்ட்ரா போட்டு, அடிவரை உறிஞ்சிவிடுகிறார் அத்தை.